நிறுவனர் மூக்கில் சிவப்பு விளக்கு

அந்த ஆணிக் கம்பெனியில் நிறுவனருக்குக் கிடைத்த மரியாதை வேறெந்தக் கம்பெனி நிறுவனருக்கும் கிடைத்திருக்காது. வருஷத்துக்கு ஒரு நாள், முதலுதவி அறையில் காதுப் பரிசோதனை நடக்கும்போது, உள்ளே போகிற ஒவ்வொருவரும் சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். பக்கவாட்டில் திரும்ப மாட்டார்கள், தும்ம மாட்டார்கள், கொட்டாவிகூட விட மாட்டார்கள். ஒரு தடவை கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த மேனேஜர் நெகிழ்ந்துபோய், நம் ஆட்களுக்கு விசுவாசம் அதிகம் என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதமே எழுதிவிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். அவர்கள் பார்த்தது நிறுவனரை அல்ல, நிறுவனரின் மூக்கை.

பரிசோதனை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் இந்த மூக்கு சமாசாரம் புரியும். அறையின் நடுவில் ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டினாற்போல் காதுக்காரர் உட்கார்ந்திருப்பார். வெளியூரிலிருந்து பெட்டியோடு வந்து போகிற மனிதர். பெயர் என்னவோ இருந்தது, ஆனால் எல்லோருக்கும் அவர் காதுக்காரர்தான். மேஜைக்கு இந்தப் பக்கம் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி. நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு, அவர் கை பெட்டியில் என்ன செய்கிறது என்று தெரியாமல் இருப்பதற்காக. தொழிலாளி தலையில் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். காதுக்காரர் பொத்தானை அழுத்தினால் ஹெட்போனில் ஒரு சத்தம் வரும். சில நேரம் தூரத்து லாரி மாதிரி 'பம்' என்று கனமாக, சில நேரம் கொசு மாதிரி 'கீச்' என்று மெலிசாக. கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று அவர் தாளில் புள்ளி வைப்பார்.

பெட்டியைச் செய்த புண்ணியவான் அதில் ஒரு சின்ன வசதி வைத்திருந்தான். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பெட்டியின் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அட்டைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரியாது. ஆனால் காதுக்காரரின் தலைக்கு மேலே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள், நிறுவனர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தால் அந்த வெளிச்சம் மேலே போய்க் கண்ணாடியில் பட்டு, அட்டைக்கு மேலாகத் திரும்பி வரும். நாற்காலி சரியான இடத்தில் இருந்தால் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் விழும். நிறுவனரின் மூக்கு நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி தெரிந்தால் விரலைத் தூக்கு, தெரியாவிட்டால் சும்மா இரு. காதுக்கு அங்கே வேலையே இல்லை.

இதைக் கண்டுபிடித்தவள் மைக்கு. ஏழாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவள், நாற்பத்தாறு வயது. தொழிலாளர்கள் சார்பாக மேனேஜரிடம் போய்ப் பேசுவதால்தான் தனக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது என்று அவள் ரொம்ப நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மை வேறு. அவள் பஸ்ஸில் ஏறி ஒரு டிக்கெட் என்று கேட்டால் டிரைவர் பிரேக் போடுவார். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலே தங்களுக்கு எட்டாது, அதனால் கத்துவார்கள். அந்த ஷெட்டில் கத்தாதவர்கள் யாரும் இல்லை என்றாலும், அவள் கத்தலுக்குத் தனி மதிப்பு இருந்தது.

எட்டாம் வகுப்போடு நின்றவள். அறிவியல் பாடத்தில் அவள் மண்டையில் தங்கியது ஒரே ஒரு வரி: படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். எதற்கு இதெல்லாம் என்று அப்போது டீச்சரை வைதவள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், கீச் சத்தம் ஒன்றுகூடக் கேட்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, நிறுவனரின் மூக்கு மினுங்கியது. அந்த வரி எங்கிருந்தோ எழுந்து வந்தது. இரண்டு தடவை மினுங்கியதும் அவள் விரல் தானாக மேலே போனது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மூன்றங்குல ஆணி ஒன்றை எடுத்துப் போய், நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் நாலு கீறல் போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு யார் உள்ளே போனாலும் நாற்காலியைக் கீறலில் பொருத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

இது விளையாட்டுக்குச் செய்த காரியம் இல்லை. அதற்கு முந்தின வருஷம் பரிசோதனையில் தவறியவர் பதினொன்றாம் நம்பர்க்காரர். எச்சரிக்கை மணி காதில் விழாத ஆளை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது, அவருடைய பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம் என்று தேன் ஒழுகப் பேசி, ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த மனிதர் போகும்போது கேட்டில் வாட்ச்மேன் சொன்ன 'போய்ட்டு வாங்க'கூட அவருக்குக் கேட்கவில்லை. மீதி இருந்த இருபத்து மூன்று பேரும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். செவிடாகலாம், மாட்டிக்கொள்ளக் கூடாது.

செவிடாகாமல் என்ன செய்வது. காற்று நடுங்கினால் சத்தம். அந்த ஷெட்டில் காற்று எட்டு மணி நேரமும் நடுங்கிக்கொண்டே இருந்தது. கம்பிச் சுருள் ஒரு பக்கம் நுழைய, மறுபக்கம் நிமிஷத்துக்கு முந்நூறு அடி விழுந்து முந்நூறு ஆணி கொட்டும். அப்படி இருபத்து நாலு மெஷின். ஒவ்வொரு வருஷமும் மைக்கு மேனேஜரிடம் போய், சத்தம் அடங்க மெஷினுக்கு மூடி போடுங்கள், காதுக்கு நல்ல அடைப்பான் கொடுங்கள் என்று கேட்பாள். அவர் சிரித்த முகத்தோடு ஃபைலை எடுத்து நீட்டுவார்.

"பாருங்கம்மா. இருபத்தி மூணு பேருக்கும் பச்சக்குழந்தை காது. எதுக்கு மூடி?"

ஃபைலில் அவளுடைய தாள்தான் முதலில் இருக்கும்.  மைக்கு வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவாள்.

இப்படியே இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும், ஒரு புதன்கிழமை சாயங்காலம் கரண்ட் போகாமல் இருந்திருந்தால்.

மைக்கு சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், இருபத்து மூன்று வயது, கதவோரமாக நின்றிருந்தாள். விளக்கு அணைந்ததும் மெழுகுவர்த்தியைத் தேடப் போகாமல் அங்கேயே நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். முகம் தெரியவில்லை. ஏதோ பேச்சு ஓடுகிறது என்பது மட்டும் மைக்குவுக்குத் தெரிந்தது. இந்த மாதிரி நேரத்துக்கென்று அவளிடம் மூன்று வார்த்தைகள் இருந்தன: ம், சரி, பாத்துக்கலாம். அந்த மூன்றை வைத்துக்கொண்டே அவள் ஆறு வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாள். அன்றைக்கும் மூன்றையும் முறையாகப் பயன்படுத்தினாள். மகள் ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பூண்டு உரிப்பதற்கு இவ்வளவு பாசமா என்று மைக்கு நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒரு பையன், அவன் அப்பா, அவன் அம்மா, கையில் ஒரு பை ஆப்பிள். மைக்கு பழைய நைட்டியில், தலை நிறையக் கறுப்புச் சாயம் அப்பிக்கொண்டு, நெற்றியில் ஒரு கோடு வழிய, கதவைத் திறந்தாள்.

"மாடி வீடு போயிடுச்சு. நேத்தே ஆள் வந்துட்டாங்க" என்றாள், வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்கள் என்று நினைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் மைக்குவுக்கு ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. நல்லவேளை, அவள் வீட்டுக்காரர், சுவருக்கு வெள்ளையடிக்கிற தொழில், வாய் திறந்து பத்து வார்த்தை பேசாதவர், அன்றைக்கு முப்பது வார்த்தை பேசி நிலைமையைச் சமாளித்தார். வந்தவர்களும் நல்ல மாதிரி. அந்த அம்மா மட்டும் போகும்போது மகளைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போனாள்.

அவர்கள் தெரு திரும்பியதும் மகள் வெடித்தாள்.

"வேணும்னே பண்றியாம்மா? பிடிக்கலேன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எதுடி பிடிக்கல? எனக்கு யாரு என்ன சொன்னாங்க?"

"பொண்ணு கேட்டு வர்றாங்கன்னு புதன்கிழமை சொன்னேன்ல. மூணு மாசமா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு, வெளிச்சத்துல சொல்ல வெக்கமா இருந்துச்சு, கரண்ட் போனப்ப சொன்னேன். நீ சரின்னே. பாத்துக்கலாம்னே."

மைக்கு சாயம் காய்ந்த தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருட்டுல எனக்குக் காது கேக்காதுடி."

மகள் அதை நக்கல் என்றுதான் நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு, மெதுவாக ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டாள். தட்டுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். அவள் கண்கள் மட்டும் தெரிந்தன, அவை நிறைந்துகொண்டு வந்தன. மைக்கு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள், கடைசியில் தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மான்னு கூப்பிட்டேன்" என்றாள். "அவ்வளவுதான் சொன்னேன்."

வீட்டுக்காரருக்கு மட்டும் ஆச்சரியம் இல்லை. அவர் எதைச் சொல்வதற்கும் முன்னால் மனைவியின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவார், எத்தனையோ வருஷமாக. மைக்கு அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அது பிரியமும்தான்.

"கம்பெனியில வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கறாங்கன்னு சொல்வியே" என்று மகள் கேட்டாள்.

"எடுக்கறாங்க. நாளன்னைக்குக்கூட இருக்கு. எனக்கு நூத்துக்கு நூறு."

"அப்ப உன் காது போனதுக்கு யாரும்மா சாட்சி?"

மைக்கு தன் கையைப் பார்த்தாள். சாட்சியை அழித்ததே அவள்தான். மூன்றங்குல ஆணியை எடுத்துக்கொண்டு போய், நாலு கீறல் போட்டு, ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து, இருபத்து மூன்று பேரின் காதும் நன்றாக இருக்கிறது என்று அவளே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. முதலில் அழுகை வந்தது. அது அடங்கியதும் கோபம் வந்தது, அது அடங்கவில்லை. கம்பெனி மேல் பாதி, தன் மேல் பாதி.

"இனிமே எதுவா இருந்தாலும் வெளிச்சத்துல வந்து, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு" என்று மகளிடம் சொன்னாள். "அந்தப் பையனைப் பத்தி மறுபடி முதல்லேருந்து சொல்லு. வெக்கப்படாம சொல்லு."

மகள் சொன்னாள். இந்தத் தடவை மைக்கு யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

திங்கள்கிழமை சாப்பாட்டு அறையில் அவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். நாளைக்கு நான் மூக்கைப் பார்க்கப் போவதில்லை, கேட்டால் கேட்டது என்பேன், கேட்காவிட்டால் இல்லை என்பேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். அறையில் இருந்த அத்தனை பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஷெட்டில் பேச்சு என்பது பாதி உதடு, பாதி கை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கையை ஆட்ட ஆரம்பித்தார்கள்.

எழுந்து நின்று எதிர்த்தவர் தாடி. நாலாம் நம்பர் மெஷின், ஷெட்டிலேயே மூத்தவர். மார்பு வரை தாடி வளர்த்திருந்ததால் அவர் உதடு அசைவது யாருக்கும் தெரியாது. அதனால் அவர் சொல்வதில் பாதி யாருக்கும் புரியாது. அதனாலேயே அவருக்கு விஷயம் தெரிந்தவர் என்று ஒரு பேர் இருந்தது. அன்றைக்கு அவர் தாடியை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பேசினார்.

"எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ரெண்டே வருஷம். அதுக்குள்ள என்னை வீட்டுல உக்கார வெச்சுடாத தாயி."

"நான் உங்களை ஒண்ணும் சொல்லலண்ணே. என் காதைப் பத்தித்தான் பேசறேன்."

"உன் காது மட்டும் போச்சுன்னா அவங்க நம்புவாங்களா? பக்கத்து மெஷின்காரனுக்கு எப்படி நல்லா இருக்குன்னு கேப்பாங்க. நூலைப் பிடிச்சுக்கிட்டு எங்க எல்லார்கிட்டயும் வருவாங்க. இந்த மூக்கைக் காட்டிக் கொடுத்ததே நீதான். இப்ப நீயே பிடுங்கறியா?"

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் மைக்குவைச் சுட்டது. ஆனாலும் அவள் இறங்கி வரவில்லை.

"ஆமாண்ணே, நான்தான் காட்டிக் கொடுத்தேன். அதனாலதான் நானே நிறுத்தறேன். புதுசா மெஷினுக்கு வர்றவங்களும் நாலு வருஷத்துல நம்மள மாதிரி ஆயிடுவாங்க. மூடி கேட்டா ஃபைலைக் காட்டறான். ஃபைல்ல இருக்கிறது நம்ம விரல். நான் தனியாத்தான் போகணும்னா தனியாவே போறேன்."

 எல்லோரும் டிபன் டப்பாக்களை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். ஷெட்டில் மெஷின்கள் கிளம்பின. மைக்கு வழக்கம்போல ஏழாம் நம்பரின் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்து அதன் நடுக்கத்தைப் பார்த்தாள். காது விட்ட வேலையை அவளுக்குக் கைதான் செய்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காதுக்காரர் வழக்கத்தைவிட அரை மணி தாமதமாக வந்தார். வேர்த்து விறுவிறுத்து மேஜையை இழுத்துப் போட்டு, பெட்டியைத் திறந்து, அவசர அவசரமாக ஆரம்பித்துவிட்டார். நேரம் மிச்சமாகட்டும் என்று மேனேஜர் காலையிலேயே எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்திருந்தார். புள்ளி வைப்பது மட்டும்தான் பாக்கி. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், மூக்கைப் பார்த்தார்கள், வெளியே வந்தார்கள். தாடி ஆறாவதாகப் போய்விட்டு வந்து, மைக்குவின் கண்ணைப் பார்க்காமல் தன் மெஷினுக்குப் போனார். பன்னிரண்டு பேர் முடிந்தது. பதின்மூன்றாவது மைக்கு.

அவள் உள்ளே போனதும் நாற்காலியைக் கீறலிலிருந்து தூக்கி, அப்படியே திருப்பிப் போட்டு, நிறுவனருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே வெறும் கதவு. காதுக்காரர் எழுந்து அவள் முன்னால் வந்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கம் பார்த்து உக்காரலாம்ல?"

"எனக்கு இப்படித்தான் வசதி சார். கை தூக்கினா உங்களுக்குத் தெரியுமில்ல? அது போதும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். மைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். கீச் கேட்காது, அது தெரிந்ததுதான். பம் கேட்கும். எவ்வளவு மோசமான வருஷத்திலும் பம் கேட்டிருக்கிறது. பம் வரட்டும், விரலைத் தூக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது, ஒன்றும் வரவில்லை.  பம்மும் போய்விட்டதா. நேற்று மெஷின் கிளம்பியபோது அதன் உறுமல் காதில் விழுந்ததா, கையில் மட்டும்தான் விழுந்ததா, நினைத்துப் பார்த்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மகளின் குரல் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். சின்ன வயசுக் குரல்தான் வந்தது. பயத்தில் அவள் கை ஹெட்போன் வயரைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கை வயரோடு கீழே இறங்கியது. இடுப்பு, முழங்கால், தரை. மேஜைக்கு அடியில் போயிருக்க வேண்டிய வயர், இழுத்ததும் தாராளமாகக் கையோடு வந்தது. அதன் முனையில் பித்தளைப் பின் பளபளத்தது. அது எதிலும் சொருகியிருக்கவில்லை.

காலையில் மேஜையை இழுத்துப் போட்டபோதே கழன்றிருக்க வேண்டும். மைக்கு அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் உயிர் திரும்பி வந்தது. அடுத்து, அவளுக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சத்தம் விடாமல் கேட்டுவிட்டுப் போன பன்னிரண்டு பேரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவள் சிரித்த சிரிப்பில் காதுக்காரர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

எழுந்து போய்ப் பின்னை மேஜைமேல், அவர் மூக்குக்கு நேராக வைத்தாள். அவர் பின்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பன்னிரண்டு தாள்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, தயவு செஞ்சு யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் சொருகிடறேன். உங்களுக்கு மறுபடி எடுத்துடறேன்."

"எனக்கு மட்டும் எதுக்கு சார்? பன்னண்டு பேர் கேட்டாங்களே, எதைக் கேட்டாங்க?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அவளுடைய மெதுவுக்கே பக்கத்து அறையிலிருந்து மேனேஜர் வந்துவிட்டார். வந்தவர் விவரமான ஆள். பின்னைப் பார்த்தார், திருப்பிப் போட்ட நாற்காலியைப் பார்த்தார், அது முன்பு பார்த்துக்கொண்டிருந்த திசையைப் பார்த்தார், நிறுவனரைப் பார்த்தார். காதுக்காரரைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், அவளுக்கு முதுகைக் காட்டி நின்று ஏதோ பேச ஆரம்பித்தார். அவர் பின்னந்தலை மட்டும் அசைந்தது. காதுக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மைக்குவுக்கு ஒரு வார்த்தைகூட எட்டவில்லை. ம், சரி, பாத்துக்கலாம் என்று நிற்க வேண்டிய இடம் அது. அப்படித்தான் ஆறு வருஷம் நின்றிருக்கிறாள்.

"சார்" என்றாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எதுவா இருந்தாலும் வெளிச்சத்துல வந்து, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது."

அந்தக் கட்டடத்துக்குள் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்ட பிறகு அது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை. மேனேஜர் திரும்பினார். அவர் உதடு இப்போது நன்றாகத் தெரிந்தது.

"அப்ப நீங்க எல்லாரும் இத்தனை வருஷமா கம்பெனியை ஏமாத்தியிருக்கீங்க. பன்னண்டு பேரையும் இன்னைக்கே வீட்டுக்கு அனுப்ப முடியும். உங்களையும் சேர்த்து."

"அவங்களையே கூட்டிட்டு வர்றேன். இதை அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மைக்கு வெளியே நடந்தாள்.

ஷெட்டில் ஆளைக் கூப்பிட வாய் உதவாது. சுவிட்ச் போர்டில் விளக்குகளை மூன்று தடவை அணைத்துப் போட்டால் மெஷினை நிறுத்த வேண்டும் என்பது அங்கே உள்ளவர்களே வைத்துக்கொண்டிருந்த ஏற்பாடு. மைக்கு மூன்று தடவை அணைத்துப் போட்டாள். ஒவ்வொரு மெஷினாக அடங்கியது. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் ஒரு கம்பிச் சுருளின் மேல் ஏறி நின்று, பெயருக்கேற்ற குரலில், கையையும் ஆட்டி, நடந்ததைச் சொன்னாள். பின் கழன்றிருந்ததைச் சொன்னாள். பன்னிரண்டு தாளும் பச்சக்குழந்தைக் காதோடு, மேனேஜர் கையெழுத்தோடு மேஜையில் இருப்பதைச் சொன்னாள்.

"அந்தத் தாளை வெச்சுக்கிட்டு அவரால நம்மை ஒண்ணும் பண்ண முடியாது. நாம பொய் சொன்னோம்னா, அந்தப் பொய்ல காலையிலேயே கையெழுத்துப் போட்டு வெச்சது அவரு. வர்றவங்க வாங்க. வராதவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல."

 எல்லோரும் தாடியைப் பார்த்தார்கள். தாடி தன் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மெஷின் மேல் போட்டுவிட்டு நடந்து வந்தார்.

"நெஜமாவே சொருகலையா?" என்று கேட்டார்.

"சொருகலண்ணே."

"நான் ஒண்ணும் கவனிக்கவே இல்ல பாரு" என்றார் அவர். "கேக்கறதா இல்லையான்னுகூடப் பாக்கல. பழகிப்போச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. தாடி அதை மறைக்கவில்லை.

இருபத்து மூன்று பேரும் முதலுதவி அறை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபோது, மேனேஜருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக, ஆணிக்காக வந்து காத்துக்கொண்டிருந்த இரண்டு லாரிகள் தெரிந்தன. ஷெட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாத ஒரே ஆள் அங்கே மேனேஜர்தான். மற்றவர்களுக்கு அது பழக்கம். தாடி பன்னிரண்டு தாளையும் எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். மேனேஜர் அதைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொல்றாரு?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

"தெரியல. பின்னால நிக்கறவங்களுக்கு உதடு தெரியல சார்" என்றாள் மைக்கு. முதலுதவி அறை முக்காலியை இழுத்து, டியூப் லைட்டுக்கு நேர் கீழே போட்டாள். "இதுல ஏறிச் சொல்லுங்க."

மேனேஜர் முக்காலியைப் பார்த்தார். லாரிகளைப் பார்த்தார். தாடியின் சட்டைப் பையைப் பார்த்தார். ஏறினார்.

"யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்" என்றார். "எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட் எடுக்கலாம். வர்ற ரிசல்ட்டை அப்படியே மேல அனுப்பறேன். மூடி விஷயம் அதோட சேர்த்து எழுதறேன்."

"இன்னொரு தடவை சார். மெதுவா."

அவர் மூன்று தடவை சொன்னார், மூன்று பக்கமும் திரும்பி. மைக்கு அதை அப்படியே எழுதச் சொல்லி, முக்காலியில் நிற்கும்போதே கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

முதலில் தாடி போய் உட்கார்ந்தார். காதுக்காரர் பின்னைச் சொருகி, தன் காதில் வைத்துப் பார்த்து, மறுபடி ஒரு தடவை அழுத்திச் சொருகினார். அவரே எழுந்து நிறுவனரின் படத்தைக் கழற்றப் போனார். தாடி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருக்கட்டும் விடுங்க. அவரும் பாக்கட்டும்."

சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலில் நின்றவர்களைப் பார்த்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். காதுக்காரர் பொத்தானை அழுத்தினார். நிறுவனரின் மூக்கில் சிவப்பு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. வாசலில் இருந்த இருபத்து இரண்டு பேரும் மூக்கைப் பார்க்கவில்லை, தாடியின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு எத்தனையோ தடவை எரிந்தது. அந்த விரல் முழங்காலை விட்டு எழவே இல்லை.